தொங்கி நிற்கும் சர்வரை உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

ஒரு ஜாவா சர்வர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. சிபியு பயன்பாடு கிட்டத்தட்ட பூஜ்யம். மெமரியும் நிறையவில்லை. பதிவுக் கோப்பில் பிழை எதுவும் இல்லை, கடைசி வரி விழுந்தே ரொம்ப நேரமாகிறது. இவையெல்லாம் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டெட்லாக்கைத்தான், அதாவது ஒன்று பிடித்திருப்பதற்காக மற்றொன்று காத்து நின்று எதுவும் நகர முடியாத நிலையை. அந்த நேரத்தில் எல்லோருடைய கையும் தானாகப் போகும் இடம் ரீஸ்டார்ட். செய்தால் சர்வர் எழுந்துவிடும், உண்மைதான். ஆனால் எந்த த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) எந்தப் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) பிடித்துக்கொண்டு எதற்காக நின்றது என்ற தடயம் முழுவதும் அதோடு அழிந்துவிடும். காரணம் தெரியாததால் இன்னொரு நாள் அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

பல த்ரெட்கள் ஓடும் நிரல்களில் வரும் கோளாறுகளிலேயே டெட்லாக் ஒரு விதத்தில் நமக்குச் சாதகமானது. ரேஸ் கண்டிஷன், அதாவது த்ரெட்கள் முந்திப் பிந்தி ஓடுவதால் விளையும் தவறு, நடந்த இடத்தில் எதையும் விட்டுவைக்காது. எங்கோ ஒரு எண் தப்பாகி, மறுநாள் ஒரு அறிக்கையில் தலைகாட்டும். அதற்குள் அந்த த்ரெட்கள் ஆயிரம் வேறு வேலைகளைப் பார்த்திருக்கும். டெட்லாக் அப்படியில்லை. தவறு நடந்த வரியிலேயே, நடந்த நிலையிலேயே, நாம் போய்ப் பார்க்கும் வரை அசையாமல் நிற்கும். அப்படிக் கிடைக்கும் சாட்சியை யாரும் பார்க்காமல் அழித்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம்.

நான் வேலை செய்வது மொத்த வியாபாரிகளின் சரக்குக் கிடங்குகளுக்கான மென்பொருளில். எந்தக் கிடங்கில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் அதன் மையம். சர்வர் ஜாவா, கீழே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். என் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்து வருபவை.

எளிமையானதிலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு கிடங்கின் இருப்பும் ஒரு ஆப்ஜெக்ட், அதற்கு ஒரு பூட்டு. சரக்கு மாற்றும் கோட் முதலில் கொடுக்கும் கிடங்கின் பூட்டை எடுக்கிறது, பிறகு வாங்கும் கிடங்கின் பூட்டை எடுக்கிறது, இரண்டு எண்களையும் மாற்றுகிறது, விடுகிறது. படித்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஒரு த்ரெட் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றும் அதே கணத்தில் இன்னொரு த்ரெட் மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றினால்? முதலாவது திருச்சியைப் பிடித்துக்கொண்டு மதுரைக்காக நிற்கும். இரண்டாவது மதுரையைப் பிடித்துக்கொண்டு திருச்சிக்காக நிற்கும். இரண்டும் கையிலிருப்பதை விடாது.

சிக்கல் இரண்டு த்ரெட்களுக்குள்தான், ஆனால் சர்வர் முழுக்க நின்றுபோகும். அதன்பின் திருச்சியையோ மதுரையையோ தொடும் ஒவ்வொரு கோரிக்கையும் வந்து அந்தப் பூட்டுகளின் பின்னால் வரிசையில் நிற்கும். ஜாவா வலைச் சர்வரான டாம்கேட்டை எதுவும் மாற்றாமல் ஓட்டினால் வேலை த்ரெட்களின் உச்சவரம்பு 200. பகல் நேரக் கூட்டத்தில் அந்த 200-ம் சீக்கிரமே அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு கோவைக் கிடங்கைப் பற்றிய சாதாரணக் கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப்பைத் திறந்து இருநூறு த்ரெட்கள் நிற்பதைப் பார்த்ததும் புதிதாக வருபவர்கள் மிரண்டுபோகிறார்கள். அதில் 198 வெறுமனே மாட்டிக்கொண்டவை. தேட வேண்டியது இரண்டை மட்டும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒரு மாலை போன் செய்தான். "அக்கா, சர்வர் தொங்கிடுச்சு. கஸ்டமர் லைன்ல இருக்காங்க. ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா?"

"ரெண்டு நிமிஷம் பொறு தம்பி. டம்ப் எடுத்துட்டு அப்புறம் பண்ணு. அவங்ககிட்ட நான் பேசுறேன்."

அந்த இரண்டு நிமிடத்தில் அவனை எடுக்கச் சொன்னது இதுதான். த்ரெட் டம்ப் எடுக்கும் ஜேஸ்டாக் கட்டளையை, பூட்டுகளின் விவரத்தையும் தரச்சொல்லும் -எல் தெரிவோடு, சில விநாடி இடைவெளியில் மூன்று முறை ஓட்டி மூன்று கோப்புகளில் சேமிப்பது. மூன்று எதற்கு என்றால், ஒன்றை மட்டும் பார்த்து நின்றுபோனதா, மெதுவாக நகர்கிறதா என்று சொல்ல முடியாது. டெட்லாக்காக இருந்தால் மூன்றிலும் அதே த்ரெட் அதே வரியில் இருக்கும். வெறும் நெரிசல் என்றால் முன்வரிசையில் நிற்பவை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: பூட்டுக்குப் பக்கத்தில் வரும் பதினாறடிமான எண் அந்த ஆப்ஜெக்டின் நினைவக முகவரி. இடையில் கார்பேஜ் கலெக்ஷன் (தேவைப்படாத நினைவகத்தை ஜாவா மீட்கும் வேலை) ஓடி ஆப்ஜெக்டை நகர்த்தியிருந்தால் அடுத்த டம்ப்பில் எண் மாறியிருக்கும். ஒரே டம்ப்புக்குள் முகவரியை நம்புங்கள், டம்ப்புகளை ஒப்பிடும்போது த்ரெட் பெயரையும் வரி எண்ணையும் நம்புங்கள்.

சர்வர் கன்டெய்னரில் (நிரலை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்து ஓட்டும் பெட்டி) ஓடினால் அதற்குள் ஜேஸ்டாக் இல்லாமல் இருக்கலாம், ஏனென்றால் ஓட்டுவதற்கு மட்டுமான ஜாவாவை வைத்துப் படிமம் கட்டியிருப்பார்கள். அப்போது ப்ராசஸுக்கு சிக்னல் அனுப்பும் கில் -3 கட்டளை போதும். பெயர் பயமுறுத்தினாலும் ஜாவா ப்ராசஸ் அதனால் சாகாது. த்ரெட் டம்ப்பைத் தன் வழக்கமான வெளியீட்டில் எழுதிவிட்டு ஓட்டத்தைத் தொடரும். ஆனால் யாராவது -எக்ஸ்ஆர்எஸ் என்ற தெரிவோடு சர்வரைத் தொடங்கியிருந்தால் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) அந்த சிக்னலைக் கையாளாது, ப்ராசஸ் அங்கேயே விழுந்துவிடும். தொடங்கும் கட்டளையை முதலில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

டம்ப்பைப் படிப்பது பழகிவிட்டால் கஷ்டமில்லை. 'ப்ளாக்ட்' நிலையில் உள்ள ஒரு த்ரெட்டை எடுங்கள். அதன் ஸ்டாக்கில் (எது எதைக் கூப்பிட்டது என்ற வரிசையில்) 'வெயிட்டிங் டு லாக்' என்ற வரியில் ஒரு முகவரி இருக்கும். அதே முகவரியை 'லாக்ட்' என்ற சொல்லோடு கோப்பு முழுக்கத் தேடுங்கள். கிடைக்கும் த்ரெட்தான் அதைப் பிடித்திருப்பது. இப்போது அந்த த்ரெட் எதற்காக நிற்கிறது என்று பாருங்கள். இப்படியே போனால் ஒன்று, எதற்கும் காத்திராமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு த்ரெட்டில் போய் முடியும், அது டெட்லாக் இல்லை. அல்லது புறப்பட்ட வழியிலேயே ஏற்கெனவே பார்த்த ஒரு த்ரெட்டுக்குத் திரும்பி வரும், அதுதான் வளையம். நான் இன்னும் காகிதத்தில் அம்புக்குறி போட்டுத்தான் பார்க்கிறேன். ஜாவா மொழியிலேயே உள்ள சின்க்ரனைஸ்ட் பூட்டுகளாக இருந்தால் ஜேவிஎம்மே இதைச் செய்து, கோப்பின் அடியில் 'ஃபவுண்ட் ஒன் ஜாவா-லெவல் டெட்லாக்' என்று எழுதி, வளையத்தில் உள்ள த்ரெட்களின் பெயரையும் கொடுத்துவிடும்.

கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் இதற்கான நான்கு நிபந்தனைகளைப் படித்திருப்போம். காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் 1971-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தவை. ஒரு பொருளை ஒருவர் மட்டுமே வைத்திருக்க முடியும், ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றுக்காகக் காத்திருக்கலாம், வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்க முடியாது, காத்திருப்பு ஒரு வளையமாக முடிகிறது. நான்கும் சேர்ந்தால்தான் டெட்லாக், ஒன்றை உடைத்தாலும் போதும். டைக்ஸ்ட்ராவின் பேங்கர்ஸ் அல்காரிதத்துக்கு அட்டவணை போட்டுத் தேர்வும் எழுதியிருப்போம். ஒவ்வொரு ப்ராசஸும் அதிகபட்சம் எவ்வளவு கேட்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாம் எழுதும் சர்வர்களில் அது தெரியாது. அதனால் அன்றாட வேலையில் நான் அதை எங்கும் பயன்படுத்தியதில்லை.

நடைமுறையில் உடைப்பதற்கு எளிதானது நான்காவது. எல்லாப் பூட்டுகளுக்கும் ஒரு வரிசை வைத்து, எல்லோரும் அந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினால் வளையம் உருவாகவே முடியாது. ஐபிஎம்மில் ஹேவெண்டர் 1968-லேயே எழுதிவைத்த யோசனை இது. எங்கள் சரக்கு மாற்றத்தில் தீர்வும் அதுதான்: கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று பாராமல், கிடங்கு எண் சிறியதாக உள்ளதன் பூட்டை முதலில் எடு. சி++ எழுதுகிறவர்களுக்கு சி++17 பதிப்பிலிருந்து ஸ்கோப்ட்_லாக் இருக்கிறது. பல மியூடெக்ஸ்களை (பூட்டுகளை) ஒன்றாகக் கொடுத்தால் டெட்லாக் வராதபடி அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்தால்தான். ஒரு ஃபங்ஷனில் ஒன்று, அது கூப்பிடும் ஃபங்ஷனில் இன்னொன்று என்றால் அதனால் உதவ முடியாது. பெரிய நிரல்களில் வரும் டெட்லாக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். பூட்டைப் பிடித்துக்கொண்டே வேறொருவர் எழுதிய கோடைக் கூப்பிடுவோம், அதற்குள் இன்னொரு பூட்டு இருப்பது நம் கண்ணில் படாது.

இதுவரை சொன்னது பாடத்தில் உள்ளது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இனிமேல் வருவது. டம்ப்பின் அடியில் டெட்லாக் என்று எழுதியிருக்காவிட்டால் 'அப்போ டெட்லாக் இல்லை' என்று முடிவுகட்டி விடுகிறார்கள். கருவியால் காண முடிவது, யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெயர் எழுதிவைத்த பூட்டுகளை மட்டும்தான். பெயர் இல்லாத இடத்தில் அம்புக்குறி போட அதற்கு வழியில்லை.

ஜாவா 5-ல் வந்த கண்டறியும் முறை சின்க்ரனைஸ்ட் பூட்டுகளை மட்டுமே பார்த்தது. ஜாவா 6-ல்தான் ரீஎன்ட்ரன்ட்லாக் போன்ற நூலகப் பூட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும் ஃபைண்ட்டெட்லாக்ட்த்ரெட்ஸ் வந்தது. அதிலும் ரீட்-ரைட் பூட்டின் (பலர் ஒன்றாக வாசிக்கலாம், எழுத ஒருவர் மட்டும்) ரீட் பக்கத்தை யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பது உரிமையாளராகப் பதிவாவதில்லை. ஒரு த்ரெட் ரீட் பூட்டை வைத்துக்கொண்டே அதே பூட்டின் ரைட் பக்கத்தைக் கேட்டால், தன் ரீட் பூட்டு விடுபடுவதற்காகத் தானே காத்துக்கொண்டு நிற்கும். ஒற்றை த்ரெட் போதும் இதற்கு. கருவி ஒன்றும் சொல்லாது. செமஃபோர் (குறித்த எண்ணிக்கை வரை உள்ளே விடுவது), கவுண்ட்டவுன்லாட்ச் (எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை காக்க வைப்பது), டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் (திறந்துவைத்த இணைப்புகளின் தொகுப்பு) எல்லாம் இதே கதைதான், எதற்கும் உரிமையாளர் கிடையாது. இரண்டு கிளாஸ்களின் ஸ்டாட்டிக் பகுதிகள் ஒன்றையொன்று கூப்பிட்டு, இரண்டு த்ரெட்கள் எதிரெதிர்த் திசையிலிருந்து அவற்றைத் தொடங்கிவைத்தாலும் மாட்டிக்கொள்ளும். டம்ப்பில் அந்த த்ரெட்கள் 'ரன்னபிள்' என்று வேறு காட்டி நம்மைத் திசைதிருப்பும்.

வரும் வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் த்ரெட்களின் தொகுப்பான த்ரெட் பூலில் வருவது இன்னும் நயமானது. எங்களிடம் அறிக்கை தயாரிக்க பத்து த்ரெட்கள் கொண்ட ஒரு பூல் இருந்தது. ஒரு அறிக்கை ஓடும்போது, கிடங்குக்கு ஒன்றாகச் சிறு வேலைகளை அதே பூலில் போட்டுவிட்டு, அவை முடியும்வரை ஃப்யூச்சரின் (பின்னால் வரவிருக்கும் விடைக்கான சீட்டு) 'கெட்' மெத்தடில் காத்திருக்கும். மாதம் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. மாதக் கடைசியில் பத்து பேர் ஒன்றாக அறிக்கை கேட்டால், பத்து த்ரெட்டும் தத்தம் சிறு வேலைகள் முடியக் காத்திருக்கும். அந்தச் சிறு வேலைகளோ பூலின் வரிசையில், ஓட்ட ஒரு த்ரெட் கிடைக்காதா என்று காத்திருக்கும். இதில் பூட்டே இல்லை. டம்ப்பில் பத்து த்ரெட்டும் 'வெயிட்டிங்' நிலையில் ஃப்யூச்சர்டாஸ்க்கின் ஒரே வரியில் நிற்கும், அடியில் டெட்லாக் என்ற சொல் வராது. ஒரு பூலின் எல்லா த்ரெட்டும் ஒரே மாதிரி 'கெட்' மெத்தடில் நின்றால் முதலில் கேட்க வேண்டியது, 'இவை காத்திருக்கும் வேலையை ஓட்ட வேண்டியது யார்?' என்பதுதான். சிறு வேலைகளுக்குத் தனிப் பூல் வைத்ததும் தீர்ந்தது. பூல் அளவை இருபதாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது பேர் ஒன்றாகக் கேட்கும் நாளில் அதே இடத்தில் நிற்கும்.

நான் பார்த்தவற்றிலேயே கண்டுபிடிக்க மிகவும் கடினமானது, பாதி ஜேவிஎம்மிலும் பாதி டேட்டாபேஸிலுமாக விழுந்த ஒரு வளையம். அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்துத் தேடாவிட்டால் கண்ணில் படாது.

கிடங்கில் இருப்பவர்களிடமிருந்து வந்த புகார் இதுதான்: "சில நேரம் சேவ் கொடுத்தா கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்கு மேடம், அப்புறம் அதுவா சரியாயிடுது." அதுவாகச் சரியாகிவிடுகிறது என்பதால் யாரும் டெட்லாக் என்று நினைக்கவில்லை. நெட்வொர்க் என்றார்கள், மெதுவான க்வெரி என்றார்கள். சர்வரின் பதிவில் அந்தக் கோரிக்கைகள் எடுத்துக்கொண்ட நேரத்தை வரிசைப்படுத்திப் பார்த்தபோது எல்லாம் 50 விநாடியைத் தாண்டி ஒரு துளி அதிகமாக இருந்தன. மெதுவான க்வெரி 30 எடுக்கும், 42 எடுக்கும், 75 எடுக்கும். இவ்வளவு சீராக 50-ல் வந்து நிற்கிறது என்றால் எங்கோ ஒரு காலவரம்பு அடிக்கிறது என்று அர்த்தம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் ஒரு ரோ (அட்டவணை வரி) பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பு, மாற்றாமல் விட்டால், 50 விநாடி.

நடந்தது இது. நினைவகத்தில் இருக்கும் இருப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் மெத்தட் சின்க்ரனைஸ்ட். ஒரு த்ரெட் அந்தப் பூட்டை எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து டேட்டாபேஸுக்குப் போய் ஒரு ரோவைப் பூட்டி வாசிக்கக் கேட்கிறது. அதே ரோவை இன்னொரு த்ரெட் சற்று முன்பு தன் டிரான்சாக்ஷனில் (ஒன்றாக நிறைவேற வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) மாற்றியிருக்கிறது. இன்னும் கமிட் ஆகவில்லை, அதாவது மாற்றம் உறுதியாகவில்லை. கமிட் செய்வதற்கு முன் அது நினைவகப் பட்டியலையும் மாற்ற வருகிறது, அதற்கு முதல் த்ரெட்டிடம் உள்ள பூட்டு வேண்டும். முதல் த்ரெட் ரோவுக்காக நிற்கிறது, இரண்டாவது த்ரெட் ஜாவா பூட்டுக்காக நிற்கிறது. வளையம் முழுமை.

ஆனால் ஜேவிஎம்மின் கண்ணுக்கு இதில் பாதிதான் தெரியும். முதல் த்ரெட் சாக்கெட்டிலிருந்து பதில் வரக் காத்திருப்பதால் டம்ப்பில் 'ரன்னபிள்' என்றே இருக்கும், ஏதோ வேலையில் இருப்பதைப் போல. மைஎஸ்க்யூஎல்லின் கண்ணுக்கு மற்றப் பாதி தெரியும். ரோவைப் பிடித்திருக்கும் கனெக்ஷன் 'ஸ்லீப்' என்று இருக்கும், அடுத்த கட்டளை எதையும் அனுப்பாமல். இரண்டு கண்டறியும் கருவிகளும் நேர்மையாகத் தங்கள் வேலையைச் செய்தும் இரண்டுமே 'இங்கே டெட்லாக் இல்லை' என்றுதான் சொல்லும். 50 விநாடி கழித்து டேட்டாபேஸ் பொறுமையிழந்து 1205 பிழையைக் கொடுக்கிறது, முதல் த்ரெட் எக்ஸெப்ஷனோடு வெளியே வந்து பூட்டை விடுகிறது, இரண்டாவது த்ரெட் வேலையை முடிக்கிறது. அதுவாகச் சரியாகிவிட்டதாகத் தெரிந்தது இப்படித்தான். வேறொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸாக இருந்திருந்தால் இது விடுபட்டிருக்கவே இருக்காது, ஏனென்றால் அதில் லாக்_டைம்அவுட் வழக்கமாகப் பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை.

இதைப் பிடிக்க இரண்டு படங்களையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் த்ரெட் டம்ப். மறுபக்கம் மைஎஸ்க்யூஎல்லின் சிஸ் ஸ்கீமாவில் உள்ள இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் என்ற வியூ. எந்தக் கனெக்ஷன் எதற்காகக் காத்திருக்கிறது, அதைத் தடுப்பது எது என்று அது காட்டும். இரண்டையும் இணைக்கும் கண்ணி, எந்த த்ரெட் எந்தக் கனெக்ஷனை வைத்திருக்கிறது என்ற தகவல். அது தானாக எங்கும் கிடைக்காது. பூலிலிருந்து கனெக்ஷன் எடுக்கும்போதே அதன் எண்ணையும் த்ரெட்டின் பெயரையும் ஒரு வரியாகப் பதிவில் எழுத வைத்தோம். அடுத்த முறை நின்றபோது அந்த வரிகள் இருந்ததால்தான் வளையத்தை மூடிக் காட்ட முடிந்தது.

திருத்தம் பெரிய வேலையில்லை. டேட்டாபேஸ் வாசிப்பைப் பூட்டுக்கு வெளியே கொண்டுவந்தோம். பூட்டுக்குள் செய்வது நினைவகத்தில் பழைய மதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது மட்டும். நினைவகப் பட்டியலை மாற்றுவதும் கமிட்டுக்குப் பிறகுதான். இப்படிச் செய்தால் தாமதமாக வந்த பழைய மதிப்பு புதியதை மிதித்துவிடும் வாய்ப்பு உண்டு, அதனால் ஒவ்வொரு மதிப்போடும் ஒரு பதிப்பு எண்ணை வைத்து, சிறிய எண் வந்தால் ஒதுக்கிவிடுகிறோம். பூட்டைப் பிடித்துக்கொண்டு நெட்வொர்க் வழியாக எங்கும் போகக்கூடாது என்பதில் அன்றிலிருந்து நான் பிடிவாதம். கோட் ரிவ்யூவில் வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

வந்துவிட்ட டெட்லாக்கை ஓட்டத்திலேயே அவிழ்க்க முடியுமா என்று கேட்பார்கள். டேட்டாபேஸுக்குள் முடியும், ஏனென்றால் அங்கே ரோல்பேக் இருக்கிறது. யாரோ ஒருவரைப் பலி கொடுத்து, அவர் செய்ததையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுபோய் மற்றவரை விடலாம். இன்னோடிபி, காத்திருப்பு வரைபடத்தில் வளையத்தைக் கண்டதும், குறைவான ரோக்களை மாற்றியிருக்கும் டிரான்சாக்ஷனைத் தேர்ந்தெடுத்து 1213 பிழையோடு முறிக்கப் பார்க்கும். போஸ்ட்கிரெஸ் உடனே தேடாது. ஒரு விநாடி காத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கிடைக்கவில்லை என்றால்தான் தேடும். தேடுவதற்குச் செலவு உண்டு, பெரும்பாலான காத்திருப்புகள் அதற்குள் தீர்ந்துவிடும் என்பதால். அது தரும் பிழை எண் 40பி01.

இந்தப் பிழை வந்தால் நம் கோட் டிரான்சாக்ஷனை முதல் வரியிலிருந்து திரும்ப ஓட்ட வேண்டும். கடைசிக் கட்டளையை மட்டும் திரும்ப அனுப்பும் கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து, ஏனென்றால் முன் செய்த மாற்றங்கள் எல்லாம் ரோல்பேக்கில் போய்விட்டன. 1213-க்கும் 1205-க்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். முதலாவதில் முழு டிரான்சாக்ஷனும் போகும். காலவரம்பில் வரும் 1205-ல், அமைப்பை மாற்றாவிட்டால், அந்தக் கட்டளை மட்டும்தான் போகும். டிரான்சாக்ஷன் பாதி உயிரோடு, பூட்டுகளோடு, நின்றுகொண்டிருக்கும். நாமேதான் ரோல்பேக் கொடுக்க வேண்டும். அப்புறம், ஒரு டிரான்சாக்ஷனில் பல பொருள்களின் இருப்பை மாற்றுவதென்றால் பொருள் எண்படி வரிசைப்படுத்திவிட்டு மாற்றுங்கள். ஹேவெண்டரின் அதே யோசனைதான், பாதி டெட்லாக்குகள் அதிலேயே போய்விடும்.

ஜேவிஎம்முக்குள் ரோல்பேக் இல்லை. சின்க்ரனைஸ்ட் பூட்டுக்காக நிற்கும் த்ரெட்டை இன்டரப்ட் கொடுத்தும் எழுப்ப முடியாது. ஒரு காலத்தில் த்ரெட்டை ஸ்டாப் மெத்தடால் கொல்லலாம் என்று இருந்தது. கொன்றால் பூட்டுகள் விடுபடும், ஆனால் பாதி மாற்றிய டேட்டா அப்படியே மற்றவர்கள் கைக்குப் போகும். ஜாவா 20 முதல் அதைக் கூப்பிட்டால் எக்ஸெப்ஷன்தான் வரும், நல்ல முடிவு. ரீஎன்ட்ரன்ட்லாக்கின் ட்ரைலாக்கில் நேர வரம்பு கொடுத்து, கிடைக்காவிட்டால் கையிலிருப்பதையும் விட்டுவிட்டு, சீரற்ற ஒரு சிறு இடைவெளி விட்டுத் திரும்ப முயலலாம். அந்த இடைவெளி சீராக இருந்தால் இரண்டு த்ரெட்டும் ஒன்றாக விட்டு ஒன்றாக முயன்றுகொண்டே இருக்கும். ஆனால் வரிசை வைக்க முடிகிற இடத்தில் காலவரம்பை வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த 50 விநாடிப் புகாரைப் போல, கோளாறு இருக்கிறது என்பதையே மறைத்துவிடும்.

அதனால் சர்வருக்குள்ளேயே ஒரு சிறிய காவல் த்ரெட் வைத்திருக்கிறோம். அவ்வப்போது ஃபைண்ட்டெட்லாக்ட்த்ரெட்ஸைக் கூப்பிடும். ஏதாவது வந்தால் முழு டம்ப்பையும் கோப்பில் எழுதிவிட்டு, அதன் பிறகே ஹெல்த் செக்கை (சர்வர் நலமா என்று வெளியிலிருந்து வரும் கேள்வி) தோல்வியாக்கும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் அதைப் பார்த்து ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். முதலில் டம்ப், பிறகு ரீஸ்டார்ட், இந்த வரிசை மாறவே கூடாது. இங்கே கவனிக்க ஒன்று: ஹெல்த் செக்குக்குத் தனி த்ரெட்டில் பதில் சொல்ல வைத்திருந்தால், எல்லா வேலை த்ரெட்டும் அடைபட்டுக் கிடக்கும்போதும் அது 'நலம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வேலை த்ரெட்கள் போகும் வழியாகவே அதையும் போக வையுங்கள்.

நடப்பதற்கு முன்பே பிடிப்பதில் நான் வியந்து பார்ப்பது லினக்ஸ் கெர்னலின் லாக்டெப். இங்கோ மோல்னார் எழுதி, 2006-ல் 2.6.18 பதிப்பில் வந்தது. டெட்லாக் நடக்கும்வரை அது காத்திருப்பதில்லை. எந்த வகைப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எந்த வகைப் பூட்டை எடுத்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வரும். காலையில் ஒருவர் அ-க்குப் பிறகு ஆ-வை எடுத்து, மாலையில் வேறொருவர் ஆ-வுக்குப் பிறகு அ-வை எடுத்தால் போதும். இருவரும் சந்திக்கவே இல்லை என்றாலும் 'இது வளையமாக வாய்ப்புண்டு' என்று எச்சரித்துவிடும். சி, சி++ நிரல்களுக்கு த்ரெட்சானிடைசரும் வால்கிரைண்டின் ஹெல்கிரைண்டும் இதே வேலையைச் செய்கின்றன. ஜாவாவில் கூகுளின் குவாவா நூலகத்தில் சைக்கிள்டிடெக்டிங்லாக்ஃபேக்டரி இருக்கிறது. நாங்கள் அதைச் சோதனைச் சூழலில் எக்ஸெப்ஷன் எறியும்படியும், வாடிக்கையாளர் சூழலில் அணைத்தும் வைத்திருக்கிறோம்.

கடைசியாக, திருத்திய பிறகு எழுதும் டெஸ்ட் பற்றி. இரண்டு த்ரெட்களை லூப்பில் ஆயிரம் முறை ஓடவிட்டு 'நிற்கவில்லை, சரியாகிவிட்டது' என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த மோசமான கணம் அன்று அமையாமல் போயிருக்கலாம். அதைக் கட்டாயமாக வரவழைக்க வேண்டும். முதல் பூட்டை எடுத்ததற்கும் இரண்டாவதைக் கேட்பதற்கும் இடையில், இரண்டு என்ற எண்ணோடு தொடங்கும் ஒரு கவுண்ட்டவுன்லாட்சை வையுங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் முதல் பூட்டை எடுத்ததும் எண்ணைக் குறைத்துவிட்டு, மற்றது வரும்வரை காத்திருக்கட்டும். பழைய கோடில் இரண்டும் முதல் பூட்டோடு சந்தித்து ஒவ்வொரு முறையும் நிச்சயமாக நின்றுபோகும். ஆனால் அந்தக் காத்திருப்புக்கு இரண்டு விநாடி வரம்பு கொடுக்க மறக்காதீர்கள். திருத்திய கோடில் இரண்டு த்ரெட்டும் திருச்சியின் பூட்டைத்தான் முதலில் கேட்கும், ஒன்றுக்குத்தான் கிடைக்கும், சந்திப்பு நடக்கவே நடக்காது. வரம்பு இல்லாவிட்டால் டெஸ்டே டெட்லாக்கில் மாட்டிக்கொள்ளும். வரம்பு தீர்ந்து முதலாவது முடித்து, பூட்டை விட்டு, இரண்டாவதும் முடித்து, இரு கிடங்குகளின் இருப்பும் கூட்டிப் பார்த்தால் தொடங்கியபோது இருந்த அளவே வந்தால் டெஸ்ட் பாஸ்.